இரட்டை கோர் ஸ்விட்ச்சில் எம்-லாக் அமைப்பது எப்படி: வடசென்னைக் கிடங்கை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

மாதவரம், மணலி, திருவொற்றியூர் பக்கம் இருக்கும் கன்டெய்னர் கிடங்குகளில் ராத்திரி, பகல் என்ற பேதம் கிடையாது. துறைமுகத்திலிருந்து வரும் வண்டி கேட்டில் நுழையும்போதே கன்டெய்னர் எண் பதிவாக வேண்டும். எடை மேடையில் ஏறினால் எடை சர்வருக்குப் போக வேண்டும். கேமராக்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இவை எல்லாம் வந்து சேரும் மைய ஸ்விட்ச்சான கோர் ஸ்விட்ச் படுத்துவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே வண்டிகள் சாலை வரைக்கும் வரிசை கட்டிவிடும். அதனால் இப்போது பலரும் கோர் ஸ்விட்ச்சை இரண்டாக வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பிறகு அவற்றைச் சேர்ப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அப்படிச் சேர்க்கும் முறைதான் எம்-லாக்.

இரண்டு ஸ்விட்ச் ரேக்கில் இருப்பது ஒரு விஷயம். ஒன்று செத்தால் மற்றொன்று தாங்குவது வேறு விஷயம். ஒரே மின்சார வழி, ஒரே கேபிள் குழாய், ஒரே கன்ட்ரோல் லிங்க் என்று எங்காவது ஒரு புள்ளியில் இரண்டும் சந்தித்தால், அந்தப் புள்ளிதான் உங்கள் நெட்வொர்க்கின் உண்மையான பலம். கீழே ஒவ்வொரு படியிலும் அந்தப் புள்ளியைத்தான் தேடப்போகிறோம். விலான், ட்ரங்க், போர்ட்-சேனல் இவை என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

எதை அமைக்கிறோம்

இரண்டு கேபிளை ஒரே கேபிள்போல வேலை செய்ய வைப்பது லிங்க் அக்ரிகேஷன். 2000-இல் 802.3ஏடி என்ற பெயரில் தரமானது, 2008-இல் 802.1ஏஎக்ஸ் என்று தனித் தரமாகப் பிரிந்தது. அதற்குள் நடக்கும் பேச்சுதான் எல்ஏசிபி. ஒவ்வொரு முனையும் தன் சிஸ்டம் ஐடியை எதிர்முனைக்கு அனுப்பும். 'என் இரண்டு கேபிளும் ஒரே ஆளிடம்தான் போகின்றன' என்று தெரிந்தால்தான் அவை ஒன்று சேரும்.

சிக்கலே இங்குதான். சர்வரின் ஒரு கேபிளை முதல் ஸ்விட்ச்சிலும், மற்றொன்றை இரண்டாம் ஸ்விட்ச்சிலும் சொருகினால் இரண்டு வேறு ஐடி வரும், சேராது. எம்-லாக்கில் இரண்டு ஸ்விட்ச்சும் கூடிப் பேசி ஒரே ஐடியைச் சொல்கின்றன. அடிப்படையில் எம்-லாக் என்பது இந்தக் கூட்டுப் பொய்தான். மீதி எல்லா அமைப்பும் அந்தப் பொய் எந்த நேரத்திலும் வெளுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு.

எம்-லாக் இல்லாமல், கேட்டில் இருக்கும் சிறிய ஸ்விட்ச்சிலிருந்து இரண்டு கோருக்கும் கேபிள் இழுத்தால் என்ன ஆகும்? லூப் ஆகாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ ஒரு கேபிளைத் தடுத்து வைக்கும். பாதி காசு சும்மா கிடக்கும். முதல் கேபிள் போகும்போது மாறுவதற்குக் கொஞ்சம் நேரமும் எடுக்கும்.

ஸ்டாக்கிங் என்று ஒரு வழி உண்டு. இரண்டு பெட்டி, ஒரே மூளை. அமைப்பது சுலபம்தான். ஆனால் மென்பொருள் ஏற்றும்போது பெரும்பாலும் முழு ஸ்டாக்கும் ஒன்றாக ரீபூட் ஆகும். மூளையில் ஒரு பிழை வந்தால் இரண்டு பெட்டியும் சேர்ந்தே விழும். அலுவலக மாடிக்கு ஸ்டாக் போதும். கோருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிஸ்கோ நெக்சஸில் இதற்கு விபிசி என்று பெயர், அரூபா சிஎக்ஸில் விஎஸ்எக்ஸ், டெல்லில் விஎல்டி, ஜூனிபரில் எம்சி-லாக், அரிஸ்டாவில் எம்-லாக் என்றேதான். ஒரு நிறுவனத்தின் ஜோடி இன்னொரு நிறுவனத்தின் பெட்டியோடு சேராது. ஜோடி இரண்டும் ஒரே நிறுவனம், முடிந்தால் ஒரே மாடல், ஒரே மென்பொருள் பதிப்பு. எதிர்முனையில் இருக்கும் சர்வரோ கேட் ஸ்விட்ச்சோ எந்த நிறுவனமாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு எல்ஏசிபி தெரிந்தால் போதும். கட்டளைகளை நெக்சஸில் உள்ளபடி சொல்கிறேன். மற்றவற்றில் பெயர் மாறும், வேலை மாறாது.

உதாரணத்துக்கு ஒரு கிடங்கு: கோர்-1, கோர்-2 என இரண்டு ஸ்விட்ச். இரண்டு சர்வர், ஒரு ஜோடி ஃபயர்வால், கேட்டில் ஒரு ஸ்விட்ச், யார்டில் ஒரு ஸ்விட்ச், கேமரா பதிவுக்கு ஒரு என்விஆர். விலான் 10 அலுவலகம், 20 கேமரா, 30 கேட்டும் எடை மேடையும், 40 சர்வர், 99 நிர்வாகம்.

படி 1: கரன்ட், எர்த், கேபிள் வழி

லேப்டாப்பைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் இரண்டு பவர் சப்ளை இருக்கும். முதல் சப்ளையை யுபிஎஸ்-1-இலும், இரண்டாவதை யுபிஎஸ்-2-இலும் மாட்டுங்கள். இரண்டு ஸ்விட்ச்சுக்கும் அப்படியே. அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து, இரண்டு யுபிஎஸ்ஸுக்கும் கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று டிபி பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "சார், ரெண்டும் ஒரே எம்சிபிலதான் இருக்கு, தனியா இழுக்கணுமா?" என்ற கேள்வி வர நிறைய வாய்ப்பு உண்டு. ஆமாம், தனியாகத்தான் இழுக்க வேண்டும். வெவ்வேறு ஃபேஸில் கிடைத்தால் இன்னும் நல்லது.

எர்த்தை மீட்டர் வைத்துப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டைத் தாண்டினால் ஸ்விட்ச் வேலையை நிறுத்திவிட்டு எர்த் வேலையை முடியுங்கள். எண்ணூர் முதல் காசிமேடு வரை கடற்காற்றில் உப்பு இருக்கிறது. எர்த் பிட்டின் கிளாம்ப் பச்சை பூத்து, பார்க்க இறுக்கமாகவும் உள்ளே தொடர்பே இல்லாமலும் இருக்கும். அதே உப்புதான் காலியாக விட்ட ஃபைபர் போர்ட்டிலும் போய் உட்காரும். எஸ்எஃப்பி (ஃபைபரைச் சொருகும் சிறிய மாட்யூல்) மாட்டாத போர்ட்டுக்கு ரப்பர் மூடி, கழற்றிய ஃபைபர் முனைக்குத் தொப்பி. இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிலக்கரித் தூசியும் லாரிப் புழுதியும் சேரும் இடங்களில், எஸ்எஃப்பி-யில் சொருகும் முன் ஒவ்வொரு முறையும் ஃபைபர் கிளீனரை ஒரு அழுத்து அழுத்துவது வழக்கமாக வேண்டும்.

ரேக் எந்த மாடியில்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர்ப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்பதைப் பார்த்த எவரும் தரைத்தளத்தில் ரேக் வைக்க மாட்டார்கள். வேறு வழியில்லை என்றால் மேடை கட்டி, யுபிஎஸ் பேட்டரியையும் மேலே ஏற்றுங்கள். ரேக் மேலே இருந்து, பேட்டரி தரையில் இருந்தால் பயனில்லை.

ஃபைபரும் அப்படித்தான். கேட்டுக்குப் போகும் இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால், உயரமாகக் கன்டெய்னர் ஏற்றிய ஒரு டிரெய்லர் இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒன்று மேலே என்றால் மற்றொன்று மண்ணுக்குள். அல்லது ஒன்று யார்டின் கிழக்குச் சுவர், மற்றொன்று மேற்குச் சுவர்.

படி 2: அடிப்படை வேலைகள்

இதில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டிலும் ஒரே பதிப்பு மென்பொருளை ஏற்றுங்கள். பெயர், நிர்வாக ஐபி, நேரம் ஆகியவற்றை வையுங்கள். நேரத்தை ஒத்துப்போக வைக்கும் என்டிபி கட்டாயம், பிறகு இரண்டு ஸ்விட்ச்சின் லாக்கையும் (நிகழ்வுப் பதிவையும்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது விநாடி சரியாக இருந்தால்தான் எது முதலில் விழுந்தது என்று தெரியும். ஐந்து விலானையும் இரண்டு பக்கமும் உருவாக்குங்கள். 'ஃபீச்சர் எல்ஏசிபி', 'ஃபீச்சர் விபிசி' இரண்டையும் இயக்குங்கள்.

ஸ்பானிங் ட்ரீயை அணைத்துவிடாதீர்கள். எம்-லாக் வந்தாலும் அது காவலுக்கு இருக்கட்டும். யாரோ ஒருவர் மேஜைக்கு அடியில் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் சுவரில் சொருகும் நாள் வரும். இரண்டு கோரிலும் ஒரே வகை ஸ்பானிங் ட்ரீ, ஒரே முன்னுரிமை எண் 4096 வையுங்கள்.

படி 3: கீப்-அலைவ்

எம்-லாக் ஜோடிக்கு இடையே இரண்டு வழிகள் வேண்டும். பியர்-லிங்க் என்பது தடித்த வழி. தரவும் மேக் முகவரிகளும் அதில் போகும். கீப்-அலைவ் மெல்லிய வழி. 'உயிரோடு இருக்கிறாயா' என்று விநாடிக்கு ஒரு முறை கேட்கும் சிறிய யுடிபி பாக்கெட், அவ்வளவுதான். 5 விநாடி பதில் இல்லையென்றால் எதிர்ப் பெட்டி போய்விட்டது என்று கணக்கு.

சின்ன வழிதானே என்று இதை பியர்-லிங்க்கின் மேலேயே ஒரு விலான் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பியர்-லிங்க் போகும் அதே நொடியில் கீப்-அலைவும் போகும். ஒவ்வொரு ஸ்விட்ச்சும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்து, இரண்டுமே முதன்மையாக வேலை செய்யத் தொடங்கும். எதற்காகக் கீப்-அலைவ் இருக்கிறதோ அந்த ஒரே நேரத்தில் அது இல்லாமல் போகிறது.

சரியான வழி இரண்டு. நிர்வாக போர்ட்டுகளைத் தனியாக ஒரு சிறிய நிர்வாக ஸ்விட்ச்சில் சேர்த்து அதன் வழியே அனுப்பலாம். அந்தச் சிறிய ஸ்விட்ச்சுக்கும் யுபிஎஸ் கரன்ட் வேண்டும்; ஏசி ஓடும் ப்ளக்கில் மாட்டிவிடக் கூடாது. இல்லையென்றால் முன்பக்கத்தில் ஒரு போர்ட்டை இதற்கென்று ஒதுக்கி, தனி விஆர்எஃப்பில் (தனி ரூட்டிங் அட்டவணையில்) வைத்து, கோர்-1-க்கு 10.255.255.1, கோர்-2-க்கு 10.255.255.2 என 30 பிட் மாஸ்க்கில் நேர் கேபிள் போடலாம். இரண்டு பெட்டி மட்டும் இருக்கும் இடத்தில் எனக்கு இரண்டாவது பிடிக்கும். நடுவில் கெட்டுப்போக எதுவும் இல்லை.

எதைத் தேர்ந்தாலும் அடுத்த படிக்குப் போகும் முன் அந்த விஆர்எஃப்பிலிருந்து பிங் செய்து பாருங்கள். பிங் வராமல் மேலே போனால் பியர்-லிங்க் எழுந்திருக்காது. நீங்கள் தவறான இடத்தில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அரிஸ்டா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே ஜோடி பேசுவதே பியர்-லிங்க்கின் மேல் ஓடும் ஒரு விலானில்தான், வழக்கமாக 4094. அதனால் ஹார்ட்பீட் முகவரியையும் 'டூயல்-ப்ரைமரி டிடெக்‌ஷன்' அமைப்பையும் நீங்களாகச் சேர்க்க வேண்டும். அது இல்லாமலும் எம்-லாக் எழுந்து நிற்கும். எல்லாம் பச்சையாகவே தெரியும்.

படி 4: பியர்-லிங்க்

குறைந்தது இரண்டு போர்ட். நெக்சஸில் 10 கிகாபிட்டுக்குக் குறைவான போர்ட் இதற்கு ஆகாது. 40 அல்லது 100 கிகாபிட் போர்ட் இருந்தால் அதையே கொடுங்கள். ரேக் ஒன்றே என்றால் டிஏசி கேபிள் (முனைகளோடு சேர்ந்தே வரும் செம்புக் கேபிள்) போதும்; விலையும் குறைவு, தூசிப் பிரச்சினையும் இல்லை. இரண்டையும் ஒரே போர்ட்-சேனலில் எல்ஏசிபி ஆக்டிவாகச் சேர்த்து, ட்ரங்க் ஆக்கி, எம்-லாக்கில் ஓடும் எல்லா விலானையும் அனுமதித்து, 'விபிசி பியர்-லிங்க்' என்று குறியுங்கள். கேட்டில் மட்டும் இருக்கும் விலான்தானே என்று இங்கே ஒரு விலானைக்கூட வெட்டாதீர்கள்.

இதற்குள் ஒரு விதி ஓடுகிறது, அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பியர்-லிங்க் வழியாக வந்த ஃப்ரேமை, இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கும் எம்-லாக் போர்ட் வழியே ஸ்விட்ச் வெளியே விடாது. ஏனென்றால் எதிர்ப் பெட்டியே அதை நேராகக் கொடுத்திருக்கும். இதுவும் கொடுத்தால் சர்வருக்கு இரண்டு நகல் போகும், அல்லது லூப் ஆகும். எதிர்ப் பெட்டியின் அந்தக் கேபிள் போய்விட்டால் மட்டும் தடை விலகும். எனவே எல்லாம் சரியாக இருக்கும் நாளில் பியர்-லிங்க்கில் தரவு குறைவாகத்தான் ஓட வேண்டும். அங்கே எப்போதும் நெரிசல் என்றால், ஏதோ ஒன்று ஒற்றைக் காலில் நிற்கிறது என்று பொருள்.

படி 5: டொமைன்

ஜோடிக்கு அடையாளமான டொமைன் எண் 1 முதல் 1000 வரை. இரண்டு பெட்டியிலும் ஒரே எண். ஆனால் மாதவரத்தில் ஒரு ஜோடி, அதோடு நேராக இணையும் இன்னொரு ஜோடி என்றால் இரண்டு ஜோடிக்கும் வெவ்வேறு எண். ஸ்விட்ச்சுகள் சொல்லும் அந்தப் பொது ஐடி இந்த எண்ணிலிருந்துதான் உருவாகிறது. ஒரே எண் வைத்தால் இரண்டு ஜோடிக்கும் ஒரே ஐடி வந்து எல்ஏசிபி குழம்பிவிடும்.

டொமைனுக்குள் இவற்றைச் சேருங்கள்:

ரோல் ப்ரையாரிட்டி: கோர்-1-க்கு 100, கோர்-2-க்கு 200. சிறிய எண்ணே முதன்மை. ஆனால் கோர்-1 ஒரு முறை ரீபூட் ஆகி வந்தால் முதன்மைப் பதவி தானாகத் திரும்பாது, கோர்-2-இடமே இருக்கும். இது கோளாறு அல்ல.

பியர்-ஸ்விட்ச்: ஸ்பானிங் ட்ரீயின் கண்ணுக்கு இரண்டும் ஒரே ரூட்டாகத் தெரியும்.

பியர்-கேட்வே: சில என்ஏஎஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளும் லோட் பேலன்சர்களும் பதில் அனுப்பும்போது விஆர்ஆர்பி-யின் (இரண்டு பெட்டியும் ஒரே கேட்வே முகவரியைப் பகிரும் முறை) பொது மேக் முகவரியை விட்டுவிட்டு, பாக்கெட் வந்த பெட்டியின் சொந்த மேக்குக்கே அனுப்பும். அது தவறான ஸ்விட்ச்சில் போய் விழுந்தால், இந்த அமைப்பு இருந்தால்தான் அங்கிருந்தே ரூட் ஆகும். இல்லையென்றால் எப்போதாவது மட்டும் அறுந்துபோகும் ஃபைல் ஷேர் என்ற தலைவலி வரும்.

டிலே ரெஸ்டோர்: ஸ்விட்ச் ரீபூட் ஆகி எழும்போது போர்ட் உடனே பச்சையாகிவிடும், ரூட்டும் மேக் முகவரிகளும் வந்து சேர நேரமாகும். அந்த இடைவெளியில் சர்வர் அனுப்புவதெல்லாம் கிணற்றில் போட்ட கல். இயல்பான 30 விநாடியை 120 ஆக்குங்கள். விலானும் ரூட்டும் நிறைய இருந்தால் இன்னும் கூட்டலாம்.

ஆட்டோ-ரெகவரி: புயல் நேரத்தில் ஈபி கரன்ட் மணிக்கணக்கில் போய், யுபிஎஸ்ஸும் காலியாகி, இரண்டு ஸ்விட்ச்சும் அணைந்துவிட்டன. கரன்ட் வந்தபோது ஒன்று மட்டும் எழுந்தது. மற்றதன் பவர் சப்ளை போய்விட்டது. எழுந்த ஸ்விட்ச் தன் ஜோடியைப் பார்க்காமல் எம்-லாக் போர்ட்டுகளைத் திறக்கத் தயங்கும். ஆட்டோ-ரெகவரி இருந்தால் 240 விநாடி காத்துவிட்டுத் தனியாகவே திறந்துவிடும். கடலோரத்தில் வேலை பார்க்கிறவர்கள் எந்தப் பதிப்பாக இருந்தாலும் இதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

படி 6: சர்வர் பக்கம்

முதல் சர்வருக்கு இரண்டு கோரிலும் போர்ட்-சேனல் 11 உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு போர்ட்டை 'ஆக்டிவ்' முறையில் சேர்த்து, 'விபிசி 11' என்று எழுதுங்கள். போர்ட்-சேனல் எண், விபிசி எண் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். முடிந்தால் இரண்டு ஸ்விட்ச்சிலும் போர்ட் எண்ணும் ஒன்றே. கட்டாயம் இல்லைதான். ராத்திரி இரண்டு மணிக்குக் கேபிள் தேடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

'ஆன்' என்ற நிலையான முறையைத் தவிருங்கள். அதில் பேச்சே கிடையாது. கேபிள் தவறான சர்வருக்குப் போனாலும் போர்ட் சேர்ந்துகொள்ளும். எல்ஏசிபி என்றால் ஐடி பொருந்தாதபோது சேர மறுக்கும். அந்த மறுப்புதான் நமக்கு வேண்டும்.

லினக்ஸில் பாண்டிங் முறை 4, அதாவது 802.3ஏடி. மியிமான் (கேபிள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளி, மில்லிவிநாடியில்) 100, எல்ஏசிபி ரேட் ஃபாஸ்ட். ஃபாஸ்ட் என்றால் விநாடிக்கு ஒரு பாக்கெட், 3 விநாடியில் கண்டுபிடிக்கும். ஸ்லோ என்றால் 30 விநாடிக்கு ஒன்று, 90 விநாடி எடுக்கும். எந்தப் பாக்கெட் எந்தக் கேபிளில் போகும் என்று தீர்மானிக்கும் ஹாஷ் முறையைக் கவனியுங்கள். லினக்ஸில் இயல்பாக இருப்பது லேயர்-2, அதாவது மேக் முகவரியை மட்டும் பார்ப்பது. வேறு விலானுக்குப் போகும் எல்லாமே கேட்வேயின் ஒரே மேக்குக்குப் போவதால் ஒரு கேபிள் நிரம்பி வழியும், மற்றது காலியாகக் கிடக்கும். லேயர்-3+4 என்று மாற்றுங்கள். ஸ்விட்ச்சிலும் ஐபியையும் டிசிபி/யுடிபி போர்ட் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் ஹாஷ் வையுங்கள்.

மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று: இரண்டு 10 கிகாபிட் கேபிளைச் சேர்த்தால் ஒரே ஃபைல் காப்பி 20 கிகாபிட்டில் போகாது. ஒரு ஃப்ளோ, அதாவது ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள், ஒரே கேபிளில்தான் போகும். கேட்டை இரண்டாக்கினால் இரு மடங்கு வண்டி நுழையலாம். ஒரே டிரெய்லரை இரண்டாகப் பிளந்து நுழைக்க முடியாது.

விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் எல்ஏசிபி வேண்டுமென்றால் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் வேண்டும். சாதாரண விஸ்விட்ச்சுக்கு எல்ஏசிபி தெரியாது. ஹைப்பர்-வியின் எஸ்இடி டீமிங்கும் அப்படியே. அந்த சர்வர்களுக்கு எம்-லாக் போட முயலாமல் இரண்டு சாதாரண ட்ரங்க் போர்ட்டாக விடுங்கள். அவை தாமே பார்த்துக்கொள்ளும். நெட்வொர்க் வழியே பூட் ஆகி ஓஎஸ் ஏற்றும் சர்வர் என்றால், ஓஎஸ் வரும்வரை எல்ஏசிபி பேச ஆள் இல்லாமல் ஸ்விட்ச் போர்ட்டை நிறுத்திவைக்கும். அந்த போர்ட்-சேனலில் மட்டும் 'நோ எல்ஏசிபி சஸ்பெண்ட்-இண்டிவிஜுவல்' எழுதுங்கள்.

சர்வரில் சேர்ந்ததா என்று பார்க்க, ப்ராக் கோப்பகத்தில் நெட், பாண்டிங் என்று உள்ளே போய் பாண்ட்0 கோப்பைத் திறங்கள். இரண்டு கார்டுக்கும் அக்ரிகேட்டர் ஐடி ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறு என்றால் இரண்டு ஸ்விட்ச்சும் வேறு வேறு ஐடி சொல்கின்றன, எம்-லாக் சேரவில்லை. பார்ட்னர் மேக் முழுக்கச் சைபர் என்றால் எதிர்முனையில் எல்ஏசிபி-யே பேசவில்லை. இந்த இரண்டு வரி அரை மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

படி 7: கேட் ஸ்விட்ச், ஃபயர்வால், என்விஆர்

கேட்டிலும் யார்டிலும் இருக்கும் ஸ்விட்ச்சுக்கு எம்-லாக் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதன் பக்கம் சாதாரண எல்ஏசிபி போர்ட்-சேனல், இரண்டு ஃபைபர். கோர் பக்கம் விபிசி 21, 22. பயனர்கள் சொருகும் போர்ட்டுகளில் பிபிடியு கார்ட் (அங்கே வேறு ஸ்விட்ச் சொருகினால் போர்ட்டை மூடும் காவல்) போடுங்கள்.

ஃபயர்வால் ஜோடியில் ஒன்று வேலை செய்யும், ஒன்று காத்திருக்கும். இரண்டையும் ஒரே போர்ட்-சேனலில் போடுவது அடிக்கடி நடக்கும் குளறுபடி. ஃபயர்வால்-1-க்கு ஒரு போர்ட்-சேனல், ஃபயர்வால்-2-க்கு வேறொன்று. ஒவ்வொன்றும் இரண்டு கோருக்கும் கால் வைக்க வேண்டும். கோரிலிருந்து ஃபயர்வாலின் பொது ஐபிக்கு ஸ்டாட்டிக் ரூட் போதும். எம்-லாக் மேலே ஓஎஸ்பிஎஃப் (ரூட்டுகளைத் தானாகப் பரிமாறும் முறை) ஓட்டியே ஆக வேண்டும் என்றால் 'லேயர்3 பியர்-ரூட்டர்' அமைப்பைப் படித்துவிட்டு இறங்குங்கள். இந்த அளவு கிடங்குக்கு அது தேவையில்லை.

கேட்வேக்கு விஆர்ஆர்பி அல்லது எச்எஸ்ஆர்பி. எம்-லாக்கில் இரண்டு பெட்டியுமே பாக்கெட்டை ரூட் செய்யும், ஒன்று சும்மா இருக்காது.

இனி என்விஆர். ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட்தான் இருக்கிறது, ஒரு கோரில் சொருகிவிடலாம் என்று தோன்றும். இப்படி ஒற்றைக் காலில் நிற்பவை ஆர்ஃபன் போர்ட். பியர்-லிங்க் போகும் நாளில், இரண்டாம் நிலை ஸ்விட்ச்சில் மாட்டிய ஆர்ஃபன் தனித்தீவாகிவிடும். முதன்மை ஸ்விட்ச்சில் மாட்டினால் தப்பிக்கலாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். ஆனால் மேலே சொன்னபடி ஒரு ரீபூட்டுக்குப் பிறகு எது முதன்மை என்பது மாறியிருக்கும். எனவே என்விஆரை யார்ட் ஸ்விட்ச்சில் மாட்டிவிடுங்கள். அந்த ஸ்விட்ச்சுக்கு இரண்டு கால் இருக்கிறது.

படி 8: திரையில் பார்ப்பது

'ஷோ விபிசி' அடித்தால் மூன்று வரியைப் பாருங்கள். பியர் நிலை 'அட்ஜசன்ஸி ஃபார்ம்டு ஓகே', கீப்-அலைவ் 'பியர் இஸ் அலைவ்', கன்சிஸ்டன்ஸி 'சக்ஸஸ்'. மூன்றாவது தவறினால் 'ஷோ விபிசி கன்சிஸ்டன்ஸி-பாராமீட்டர்ஸ்' இரண்டு பெட்டியின் அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), வேகம், நேட்டிவ் விலான், ஸ்பானிங் ட்ரீ முறை போன்றவை டைப்-1. அவை பொருந்தாவிட்டால் இரண்டாம் நிலை ஸ்விட்ச் தன் போர்ட்டை நிறுத்திவிடும். டைப்-2 பொருந்தாவிட்டால் எச்சரிக்கை மட்டும். டைப்-2 தான் நயவஞ்சகம். வேலை ஓடுவதுபோலவே இருக்கும்.

'ஷோ போர்ட்-சேனல் சம்மரி'யில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் அடைப்புக்குள் ஒரு எழுத்து இருக்கும். பெரிய பி (P) என்றால் சேர்ந்துவிட்டது. சிறிய எஸ் (s) என்றால் எல்ஏசிபி பதில் இல்லாமல் நிறுத்தப்பட்டது. பெரிய ஐ (I) என்றால் தனியாக ஓடுகிறது. பெரிய டி (D) என்றால் கேபிளையோ எஸ்எஃப்பி-யையோ பாருங்கள்.

படி 9: பிடுங்கிப் பார்ப்பது

சோதிக்காத ரிடண்டன்ஸி காகிதத்தில்தான் இருக்கிறது. கேட்டில் வண்டி குறைவான நேரத்தை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். கேட் கணினியிலிருந்து சர்வருக்கும், சர்வரிலிருந்து வெளியுலகுக்கும் நில்லாத பிங் ஓடட்டும். கன்சோல் கேபிள் இரண்டு ஸ்விட்ச்சிலும் மாட்டியிருக்கட்டும்.

முதலில் சர்வரின் ஒரு கேபிள். ஓரிரண்டு பிங் போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது.

அடுத்து கீப்-அலைவ் கேபிள். எதுவும் நடக்கக் கூடாது, லாக்கில் ஒரு வரி தவிர. திரும்ப மாட்டி, 'அலைவ்' என்று வந்த பிறகே மேலே போங்கள். ஏன் இந்த அவசரமின்மை என்றால், கீப்-அலைவ் செத்துக் கிடக்கும்போது பியர்-லிங்க்கும் போனால் அதுதான் இரட்டை முதன்மை. இரண்டு பெட்டியும் தனித்தனியாகத் தங்களை உண்மை என்று நினைக்கும். மேக் அட்டவணைகள் பிரிந்துபோகும். கேட் கணினி ஒரு பெட்டி வழியே கேட்டதற்குப் பதில் மறுபெட்டியில் தொலையும். இதில் கொடுமை என்னவென்றால், எல்லா விளக்கும் பச்சையாகவே இருக்கும்.

மூன்றாவது பியர்-லிங்க், இரண்டு கேபிளையும் சேர்த்து. கீப்-அலைவ் உயிரோடு இருப்பதால், முதன்மை நலம் என்று இரண்டாம் நிலைக்குத் தெரியும். அது தன் எம்-லாக் போர்ட்டுகளையும் விலான் இன்டர்ஃபேஸ்களையும் மூடிக்கொண்டு ஒதுங்கும். எல்லாம் முதன்மை வழியே ஓட வேண்டும். இந்த நேரத்தில் எது அறுந்ததோ அதுதான் உங்களுக்குத் தெரியாமல் இருந்த ஆர்ஃபன், குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கோர்-1-இன் இரண்டு பவர் கேபிளும். ரீலோட் கட்டளை கொடுக்காதீர்கள், கேபிளையே பிடுங்குங்கள். நிஜத்தில் ஸ்விட்ச் சொல்லிக்கொண்டு சாகாது. பிறகு திரும்ப மாட்டி, அது எழுந்து வரும் நேரத்தைக் கவனமாகப் பாருங்கள். பலர் அணையும்போது மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிங் அறுவது பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான். அறுந்தால் டிலே ரெஸ்டோரைக் கூட்டுங்கள்.

கடைசியாக யுபிஎஸ்-1-ஐ அணையுங்கள். இரண்டு ஸ்விட்ச்சிலும் ஒரு பவர் சப்ளை விளக்கு மட்டும் அணைய வேண்டும். ஒரு ஸ்விட்ச் முழுதாகப் போனால் கேபிள் மாறி மாட்டியிருக்கிறது.

பிறகு வரும் தொல்லைகள்

அமைத்துச் சில மாதங்கள் கழித்து, "பாதி கேமரா வருது, பாதி வரலை" என்று போன் வரும். ஒரே மேஜையில் ஒரு கணினி வேலை செய்யும், பக்கத்துக் கணினி வேலை செய்யாது. இதைக் கேட்டவுடன் யாரோ ஒரு கோரில் மட்டும் எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். புது விலானை கோர்-1-இல் சேர்த்துவிட்டு கோர்-2-ஐ மறந்திருப்பார்கள். ஹாஷ் சில ஃப்ளோக்களை கோர்-1-க்கும் சிலவற்றை கோர்-2-க்கும் அனுப்புவதால் பாதி மட்டும் விழுகிறது. இரண்டு பெட்டியின் கன்ஃபிகரேஷனையும் தினமும் தானாக எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிடும் சிறிய ஸ்கிரிப்ட் எழுதி வையுங்கள். பெயர், ஐபி, ரோல் ப்ரையாரிட்டி தவிர வேறு வித்தியாசம் வந்தால் மெயில் வரட்டும்.

மென்பொருள் ஏற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பெட்டி. எதை முதலில் ஏற்றுவது, இரண்டு பதிப்பு எவ்வளவு நேரம் சேர்ந்து ஓடலாம் என்பதை அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் பாருங்கள். முதல் பெட்டி எழுந்து, டிலே ரெஸ்டோர் முடிந்து, எல்லா விபிசி-யும் மேலே வந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

கண்காணிப்பு மென்பொருளில் போர்ட் டவுன் அலாரம் எல்லோரும் வைக்கிறார்கள். கீப்-அலைவுக்கும் ஒற்றைப் பவர் சப்ளைக்கும் யாரும் வைப்பதில்லை. இவை போனால் எந்தப் பயனரும் போன் செய்ய மாட்டார், எதுவும் நிற்காது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இந்த இரண்டுக்கும், பியர்-லிங்க்கின் ஒவ்வொரு உறுப்புக் கேபிளுக்கும், யுபிஎஸ் பேட்டரிக்கும் தனித்தனி அலாரம் வையுங்கள். மெயிலோடு விட்டுவிடாமல் பணியில் இருப்பவரின் போனுக்கே போகட்டும்.